தட்டிக் கொடுத்தால் நின்றுவிடும் குதிரை

அப்பா, இனி நீங்கள் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் இருந்தபோதே உங்களிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவள் நான். இன்று காலை நம் குதிரை வெள்ளச்சியைக் கயிற்றில் வட்டமாக நடக்க விட்டு வந்தேன். கை கழுவிய பிறகும் அவளுடைய வியர்வை வாசனை போகவில்லை. கடைசி வருஷம் உங்கள் சட்டையிலும் இதே வாசனைதான். அப்படியே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாமக்கல்லில் லாரி ஓட்டும் வேலையை விட்டு வந்தவர் ரெண்டு ஆடு வாங்குவார் என்று அம்மா நினைத்திருந்தாள். நீங்களோ ஆத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய், அந்த ஊர்வலக் குதிரையையே வாங்கி ஓட்டி வந்தீர்கள். வெடிச் சத்தத்தில் அது நடுங்குவதைப் பார்த்த பிறகு பந்தியில் உட்கார மனசு வரவில்லை என்றீர்கள். பக்கத்துத் தறிக்காரர் வந்து, "ஏனுங்க, இதுக்கு எத்தன கியருங்க?" என்று கேட்டார். "இப்போதைக்கு நியூட்ரல் மட்டுந்தானுங்க" என்றீர்கள்.

உண்மையும் அதுதான். சேலத்துக்கு வெளியே குதிரையேற்றம் கற்றுத்தருகிறவர் அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் நீளக் கயிற்றின் முனையில், யாரும் இழுக்காமல், அவளாகவே முன்னால் போக வேண்டும். போகாவிட்டால் திரும்பவும் ஊர்வலம், திரும்பவும் வெடி. நமக்குத் தீனி போட்டுக் கட்டுபடியாகாது.

நீங்கள் கயிற்றோடு நடுவில் நிற்பீர்கள். நாலு எட்டு வைப்பாள், நிற்பாள். வைத்த எட்டுக்கே பூரித்து, ஓடிப்போய்க் கழுத்தில் தட்டிக் கொடுப்பீர்கள். மேடேறி முடித்ததும் லாரியைத் தட்டுவீர்களே, அதே மாதிரி. அப்புறம் அவள் அசையவே மாட்டாள்.

வாழப்பாடியில் என் தோழியின் கல்யாணத்தில்தான் எனக்கு விளங்கியது. போட்டோ எடுப்பவர் கை காட்டும்போதெல்லாம் குதிரைக்காரர் ஊர்வலக் குதிரையின் கழுத்தில் தட்டினார். தட்டியதும் குதிரை நின்றது. உங்களிடம் இதைச் சொல்ல ஒரு பகல் முழுக்கத் தயங்கினேன். "அப்பா, நீங்க தட்டுனா, நிக்கச் சொல்றீங்கன்னு நெனச்சுக்குதுங்க."

"அப்ப இத்தன நாளா நாந்தான் பிரேக்கா, சாமி?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

அன்றைக்கே கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலியோரம் போய் நின்றீர்கள். நான் அவள் தோளுக்குச் சற்றுப் பின்தங்கி நின்று, கயிற்றைத் தளர்த்தி ஒரு எட்டு வைத்தேன். போனாள். வட்டம் முழுக்கப் போனாள். உங்களால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் என் தோளில் தட்டினீர்கள். அதற்கு முன் எப்போது தொட்டீர்கள் என்று எனக்கு ஞாபகமில்லை.

நீங்கள் போனபின், வேலியோரம் நீங்கள் நின்ற இடம் வந்ததும் வெள்ளச்சி நின்று பார்ப்பாள். அவசரப்படுத்தாமல் நானும் நிற்பேன். மெல்ல மெல்ல அதுவும் சரியானது.

நேற்று அந்தச் சேலத்துக் குதிரையேற்றக்காரர் வந்தார். வெள்ளச்சி நடந்தாள், பிறகு காதை முன்னால் வைத்துக்கொண்டு ஓடினாள். எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஊர்வலம் இனி இல்லை அப்பா. அதோடு என்னையும் வேலைக்குக் கூப்பிட்டார். அவளைப் போலத் தயங்குகிற குதிரைகள் அங்கே இன்னும் இருக்கின்றனவாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"டிகிரி படிச்சுப்போட்டு லாயத்துக்கா போவே?" என்கிறாள் அம்மா. அவள் பேசுவது உங்கள் பேச்சுத்தான். நான் கல்லூரியில் சேர்ந்த நாளில் பஸ்ஸில் சொன்னீர்கள்: "நீ வெயிலு மழ படாம உக்காந்து சம்பாதிக்கோணும், கண்ணு." அதற்காக நீங்கள் எத்தனை வெயிலில் வண்டி ஓட்டினீர்கள் என்று தெரியும். அங்கே போனாலும் அந்தப் படிப்பை வீணாக்க மாட்டேன்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அம்மாவை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். நீங்கள் வருத்தப்படாமல் இருந்தால் போதும். வெள்ளச்சியோடு நானும் போகட்டுங்களா அப்பா?