மேப்பில் நான்தான் உரிமையாளர்

2025 பெப்ரவரி 18

காலையிலிருந்து தூறல். பஸீஹா இன்றைக்கும் கேட்டாள்.

"சேர், அந்த மேப் விஷயத்த இன்னைக்காவது செஞ்சு தாங்களே."

போனில் சார்ஜ் இல்லை என்றேன். பொய்.

ஜனவரியிலேயே லேர்னர்ஸை, என் கார் பழக்கும் பள்ளியை, அவளுக்கு விற்றாகிவிட்டது. கார் இரண்டும், அனுமதிப்பத்திரமும், கட்டுகஸ்தோட்டைக் கடையறையும் அவள் பெயரில். என்னிடம் பல வருடம் பயிற்றுநராக இருந்தவள். மடவளைப் பக்கத்துப் பெண்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். 'யோகராஜ் லேர்னர்ஸ்' என்ற பெயர் மட்டும் இருக்கட்டும், ஊருக்குப் பழகிய பெயர் என்று அவளே சொன்னாள். மிச்சம் கூகிள் மேப்பில் உள்ள பக்கம். அது என் மின்னஞ்சலில் இருக்கிறது. அதிலுள்ள நம்பரும் என்னுடையது.

பழைய மாணவர்களை அவள் காரிலேயே முடித்துக் கொடுத்துவிட்டு நிறுத்துவதாகத்தான் பேச்சு. ஆனால் மேப்பைப் பார்த்துப் போன் எடுக்கிற புதியவர்களில் ஒன்றிரண்டு பேரை எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தையும் கொடுத்துவிட்டால் என்னை யார் கூப்பிடுவார்கள்?

பெப்ரவரி 21

தன் மின்னஞ்சல் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். பார்த்தேன். பதில் போடவில்லை.

பெப்ரவரி 27

மேப்பைப் பார்த்து வந்த கிருஷாந்திக்கு வகுப்பு. பிலிமத்தலாவையில் பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பிள்ளை, பயந்த சுபாவம். பேராதனை ரோட்டில் மெதுவாகத்தான் போனோம். இடப்பக்கத்துச் சந்திலிருந்து ஒரு த்ரீவீல். எனக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான், அந்தப் பக்கம் என் பொறுப்பு, என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. நான் மிதிக்கவில்லை. அவள் அலறிக்கொண்டே மிதித்தாள். ஒரு முழ இடைவெளியில் நின்றது. த்ரீவீலுக்குள் கைக்குழந்தையோடு ஒரு பெண்.

"பார்த்து ஓட்டத் தெரியாதா?" என்று கிருஷாந்தியைத்தான் ஏசினேன்.

அது எங்கிருந்து வந்தது? திடீரென்று முளைத்த மாதிரி. போன கிழமையும் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன்.

களைப்பு. களைப்பாகத்தான் இருக்கும்.

மார்ச் 3

மேப் பக்கத்தில் ஒரு ஸ்டார்.

கிருஷாந்தி எழுதியிருக்கிறாள். 'சேருக்கு த்ரீவீல் தெரியவே இல்லை. பக்கத்தில் பிரேக் இருந்தும் மிதிக்கவில்லை. ஆனால் என்னைத்தான் ஏசினார்.' இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை.

பொய்யான விமர்சனம் என்று கூகிளுக்கு முறைப்பாடு செய்தேன். கீழே உரிமையாளர் பதிலும் போட்டேன்: 'மாணவியின் கவனக்குறைவே காரணம்.' போட்ட பிறகு ஒருவிதத் திருப்தி. வெட்கமில்லாத திருப்தி.

பின்னேரம் பஸீஹா போன் எடுத்தாள். நோன்புக் களைப்பு குரலில் தெரிந்தது.

"சேர், யாரு அந்தப் புள்ள? புதுசா ஆள் எடுக்கிறீங்களா?"

"ஒரு ஆள்தான்."

"ஏசி வேற எழுதியீக்கிறீங்க. இப்ப லேர்னர்ஸ் என்ட. ஆக்கள் என்னையத்தானே கேப்பாங்க?"

நாளைக்குப் பேசுவோம் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 5

கூகிளிடமிருந்து பதில் வந்தது. விதிமீறல் எதுவும் இல்லையாம். விமர்சனம் அப்படியே இருக்கும்.

சுகிர்தாவும் அதை வாசித்திருக்கிறாள். சோறு போட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? பக்கத்துல வச்ச தண்ணிய நாளாந்தம் தட்டி விடுறீங்க. பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

கத்திவிட்டேன். அவள் தண்ணீர்க் கோப்பையை என் நேரே நகர்த்தி வைத்தாள். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 10

கண் கிளினிக். சுகிர்தாதான் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நன்றாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

டொக்டர் தாளைக் காட்டினார். ஓரமெல்லாம் கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தமாம். நேரே பார்ப்பது தெரியும், பக்கப் பார்வை போய்விட்டது. போனது வராது. மிச்சத்தைக் காப்பாற்ற மருந்து விட வேண்டும்.

"வாகனம் ஓட்டக் கூடாது."

"பக்கத்துல இருந்து பழக்கிக் குடுக்கலாமா டொக்டர்?"

அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். கூடாது என்று தலையாட்டினார்.

மார்ச் 11

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 14

கிருஷாந்திக்குப் போன் எடுத்தேன். பிழை என்னுடையது, கண்ணில் வருத்தம், பக்கம் தெரியாது என்றேன்.

"நான் லைசன்ஸே வேணாம்னு விட்டுட்டேன் சேர். அந்தப் பச்சப்புள்ளைய நாந்தான் கொல்லப் பார்த்தேன்னு நெனச்சேன். நீங்க அப்படித்தானே எழுதியிருந்தீங்க."

ஐயோ. என்ன செஞ்சிட்டேன் நான்.

பதிலை அழித்தேன். புதிதாக எழுதினேன்: 'தவறு பயிற்றுநருடையது. மாணவிதான் விபத்தைத் தவிர்த்தார். அந்தப் பயிற்றுநர் இனிக் கற்பிப்பதில்லை. — யோகராஜ்.'

பிறகு கடையறைக்குப் போனேன். பஸீஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்; ஆட்களை மறைத்து எடுத்ததையும்.

ஆறுதல் சொல்வாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போல. சொல்லவில்லை.

"என்ட கார்ல ஏத்திக்கிட்டு, கண்ணு தெரியாதுன்னு செல்லாம... அந்த உம்மாக்கும் புள்ளைக்கும் ஒண்ணு ஆகியிருந்தா, சேர்?"

அவள் மேசையிலிருந்த போனை எடுத்தாள்.

"அந்தப் புள்ளட நம்பரத் தாங்க," என்றாள்.

கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து அவளை மேப் பக்கத்தின் உரிமையாளராகச் சேர்த்தேன். அழைப்பை ஏற்றாள். ஆனால் முதன்மை உரிமையை மாற்ற ஒரு கிழமை, ஏழு நாள், பொறுக்க வேண்டுமாம்.

மார்ச் 18

ஒரு பெண் போன் எடுத்தாள். "யோகராஜ் சேர் தானே? பயமில்லாம பழக்குவீங்கன்னு போட்டிருக்கு." பஸீஹாவின் நம்பரைக் கொடுத்தேன். வைத்த பிறகும் போனைக் காதிலேயே பிடித்திருந்தேன்.

மார்ச் 22

மாற்றிவிட்டேன். முதன்மை உரிமையாளர்: பஸீஹா. நம்பரும் அவளுடையது. என்னை நீக்கிக்கொள்ளவா என்று கேட்டேன். "ஓம் சேர், அதுதான் நல்லம்," என்றாள். கோபமில்லை, நேரான பேச்சு. அழுத்தினேன். முடிந்தது.

சட்டென்று நடந்துவிட்டது. இதற்கா இவ்வளவு நாள்?

மார்ச் 29

போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. கெட்டுவிட்டதோ என்று சுகிர்தாவை அவள் போனிலிருந்து எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அடித்தது.

ஏப்ரல் 26

மருந்து வாங்க சுகிர்தாவோடு டவுனுக்கு. பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கும்போது இடப்பக்கம் ஒரு ஹோர்ன். சுகிர்தா கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். எல் பலகை மாட்டிய கார், எங்கள் கார்— பஸீஹாவின் கார், மெதுவாக நின்று வழிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"பஸீஹாதான் பக்கத்துல இருக்கா," என்றாள் சுகிர்தா. "ஓட்டுறது யாரு, அந்த பாமசிப் புள்ளையா? விமர்சனத்துல இருந்த படத்தப் போன்ல காட்டுனீங்களே."

"கிருஷாந்தியா? நம்மளப் பார்த்தாளா?"

"இல்ல. ரோட்டத்தான் பார்த்துக்கிட்டுப் போறா."

"அப்படித்தான் போகணும்," என்றேன்.