லேபிளுக்கு வைத்த பீர்

கார்த்திகை 4, வியாழன்.

இன்று அச்சகத்தில் பீர் லேபிள் வேலை. பில்ஸ்னர் என்ற வகையாம். லேபிளின் பின்பக்கத்துக்கு வந்த கதையை நான்தான் பிழை பார்த்தேன். பில்சன் என்ற ஊரில் பீர் அடிக்கடி கெட்டுப்போக, ஊர்க்காரர்கள் பீப்பாய்களைத் தெருவில் கொட்டிவிட்டார்களாம். பிறகு வெளியூர்க்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் அந்த ஊரின் உப்பில்லாத தண்ணீரில் லேசாக வறுத்த பார்லியைச் சேர்த்து, குளிர்ந்த நிலவறையில் நாள்கணக்காக ஊறவிட்டார். பொன்னிறமும் தெளிந்த கசப்புமாக ஒரு பீர் வந்தது.

அந்தப் பொன்னிறம் லேபிளில் வர வேண்டும் என்று முதலாளி அண்ணாச்சி ஒரு பாட்டிலைத் திறந்து, என் மேசையில் கிளாசில் ஊற்றி வைத்தார்.

"மை காஞ்சா நிறம் மங்கும்மா. சாயந்திரம் இன்னொருக்கா ஒத்துப் பாரு. அதுவரைக்கும் கொட்டிராத."

சாயந்திரம் என் வீட்டுக்காரர் கூட்டிப்போக வந்தார். தீபாவளி முடிந்ததிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வேலை இல்லை. ஆடியிலிருந்து குடியும் இல்லை. காய்ந்த தாளை எடுத்துக்கொண்டு நான் திரும்புவதற்குள் கிளாஸ் காலி.

"நுரையுமில்ல, குளிருமில்ல. வெறும் கசப்பு. இதுக்கா இம்புட்டு கதை எழுதியிருக்காக?" என்றார்.

என்னை வாசலில் இறக்கிவிட்டு, "இந்தா வாரேன்" என்று வண்டியைத் திருப்பினார். இன்னும் வரவில்லை.

நிறம் ஒத்துப் பார்க்க நாளைக்கு அண்ணாச்சியிடம் இன்னொரு பாட்டில் கேட்க வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது?

கொட்டிய பிறகு அந்த ஊருக்கு நல்லது வந்துவிட்டது. நானும் இந்தத் தெருச் சாக்கடையில் எத்தனை பாட்டிலைக் கொட்டியிருக்கிறேன்.