அட்டைப்படத்துக்கு அம்மாவின் கையெழுத்து

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே இருக்கிறோம். நலம் என்கிற சொல்லை இந்த முறை உங்கள் மூவருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். நீயும் மருமகளும் பேத்தி பட்டாணியும் நலமாக இருக்க வேண்டும், எவ்வளவு கோபம் இருந்தாலும் அதில் மாற்றமில்லை. நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. வாசலுக்குப் போய் வாங்கியது அம்மாதான், கூரியர்காரர் நீட்டிய பேனாவைப் பிடிக்கப் போனவள் பேனாவுக்கு இந்தப் பக்கம் வெறும் காற்றைப் பிடித்தாள். அவர் சிரித்தார், அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே உன் புகைப்படப் புத்தகத்தின் மாதிரிப் பிரதி இருந்தது, அதோடு ஒரு தாள். தன் படத்தை அட்டையில் போடத் தனக்குச் சம்மதம் என்று அம்மா கையெழுத்துப் போட வேண்டுமாம். ‘அம்மாகிட்ட சீக்கிரம் வாங்கி அனுப்புங்கப்பா, பதிப்பாளர் அவசரப்படுத்துறாரு’ என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தாய். அவசரம் என்று ஒரு சொல் இருப்பது இப்போதாவது உனக்குத் தெரிந்ததே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்ததும் உனக்கு சிக்னல் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேராகி நாலு நாள் குடம் தூக்கினோம், இப்போது சரியாகிவிட்டது. என் முழங்கால் வலி வழக்கம்போல. அம்மா டீ ஊற்றினால் பாதி டம்ளரிலும் பாதி மேடையிலும் விழுகிறது, அவளே துணி எடுத்துத் துடைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பாள், நானும் பார்க்காத மாதிரி இருப்பேன். இன்னொரு கண்தான் நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். ஒற்றைக் கண்ணுக்குப் பக்கம் எது தூரம் எது என்று பிடிபடாது என்பதை ஒரு வருடமாக அவள் கூடவே இருந்து நான் படித்துக்கொண்டேன். மாடிப்படியில் கடைசிப் படிக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டு தரம் விழுந்தாள், அதன் பிறகு ஒவ்வொரு படியின் விளிம்பிலும் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டாள். உனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்த மெஷின் அது, விற்கலாமா என்று கேட்டதற்கு அதைத் தன் கட்டில் பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கேரவன் எடுத்துக் குடும்பத்தோடு ஏழு மாதம் சுற்றலாம், புத்தகமும் முடியும், பட்டாணிக்கும் நாலு இடம் பார்த்த மாதிரி ஆகும் என்று நீ கூப்பிட்டபோது அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னாள், எதிர் வீட்டில் சொன்னாள், காய்கறிக்காரரிடம்கூடச் சொன்னாள். வண்டி ஓட்ட ஓர் ஆளும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் உனக்குத் தேவைப்பட்டது போன பிறகுதான் விளங்கியது. அதைக்கூட நான் குறையாகச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவன் கையில் திரும்ப ஒரு ஸ்டியரிங்கைக் கொடுத்தால் அவனுக்கு வேறென்ன வேண்டும். சாலைகள் முடிகிற இடங்களைத்தான் படம் எடுக்கப் போகிறேன் என்றாய். ஆயுசு முழுக்கக் கடைசி ஸ்டாப்பில் பஸ்ஸைத் திருப்பியவனுக்குப் பிறந்த பிள்ளை கடைசி ஸ்டாப்பையே படம் எடுக்கக் கிளம்பிவிட்டான் என்று நானும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். மூடிப்போன குவாரி, பாலம் கட்டாமல் விட்ட ஆற்றங்கரை, முட்டுச்சந்து என்று நீ போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போய் அந்த நீள வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு வந்தது நான்தான். வண்டியின் குளியலறையை இருட்டறை ஆக்கிக்கொண்டாய், அம்மா ஏழு மாதமும் பெட்ரோல் பங்கில் முகம் கழுவினாள். ஃபிரிட்ஜில் ஃபிலிம் பெட்டிகளுக்குப் போக இடம் மிஞ்சினால் பாலுக்கு. உன் பழைய காலத்துப் பெட்டிக் கேமராவை வண்டி வாசலில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நீ ‘நகராதீங்க’ என்று சொல்லிவிட்டால் உள்ளே இருக்கும் நாங்கள் நாலு பேரும் கல்லாகிவிட வேண்டும், வண்டி ஆடினால் படம் கலங்கிவிடும், நீ ‘ஆச்சு’ என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு. ஆறு வயதுக் குழந்தை தும்மலை அடக்கப் பழகிக்கொண்டது.

அணைத் தண்ணீருக்குள் பழைய சாலை இறங்கிப் போகுமே, அங்கே பனிமூட்டத்துக்காகக் காத்துக்கிடந்தோம். புத்தகத்தின் கடைசிப் படம் அதுதான், நன்றாகத்தான் வந்திருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே அம்மா ‘கண்ணுக்குள்ள கரித்தூள் பறக்குதுங்க’ என்று என்னிடம் சொன்னாள். தூசியாக இருக்கும், தண்ணீர் விட்டுக் கழுவு என்று சொன்னேன், நான் பெரிய டாக்டர். மறுநாள் காலையில் வலது கண்ணில் கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறியிருக்கிறது. நீ துணிக்குள் இருந்தாய், நகராதே என்று சொல்லியிருந்தாய், உன் ‘ஆச்சு’க்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்து, அதன் பிறகு உன்னிடம் சொன்னாள். ‘ரெண்டு நாள் பொறுத்துக்கோம்மா, பனி இறங்கிடும், முடிச்சிட்டு நேரா டாக்டர்கிட்டதான்’ என்றாய். மருமகள் ‘இன்னைக்கே கிளம்பிடலாங்க, படம் எங்க போயிடப் போகுது’ என்று சொன்னாள், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ மறுபடியும் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டாய். நாலாம் நாள் பனி வந்தது, உன் சாலையும் கிடைத்தது, மூன்று மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். மூன்றே மணி நேரம்தான், கேட்டுக்கொள். எத்தனை நாளாச்சு என்று டாக்டரம்மா கேட்டதற்கு உன்னை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் இரண்டு நாள் என்று பொய் சொன்னேன், அம்மா ‘நாலு நாள் ஆச்சும்மா’ என்று திருத்தினாள். விழித்திரை கழன்றுவிட்டது, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஒட்டவைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு எத்தனை பெரிய ஆஸ்பத்திரி, எத்தனை ஆபரேஷன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தவன் நான், இப்போது அந்தப் பழமொழி என் வாயில் வருவதில்லை.

உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது. பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு கர்ப்பிணிக்கு நடுவழியில் வலி எடுத்ததும், ஐம்பது பேர் உட்கார்ந்திருந்த பஸ்ஸை ரூட்டை விட்டுத் திருப்பி நேராக ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். டிப்போவில் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் யார், எவர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரிக்கு வந்தபோது, வண்டி பிள்ளையுடையது, நான் ஓட்ட வந்தவன்தானே என்று, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாலு நாள் தண்ணீரைப் பார்த்து நின்றேன். இதற்கு விளக்கம் கேட்க யாரும் இல்லை.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். வந்த அன்றே அதை எடுத்து என் பழைய யூனிஃபார்ம் பெட்டியில் ஒளித்துவைத்தேன், கொடுப்பதாக இல்லை. உன் முன்னுரையில் ‘என் குடும்பத்தின் பொறுமைக்கு’ நன்றி சொல்லியிருக்கிறாய், அதைப் படித்ததும் புத்தகத்தையும் தூக்கி அதே பெட்டியில் போட்டேன். மூன்றாம் நாள் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அணைக்கரையில் மூன்றாம் நாள் காலையில் நீ எடுத்த படம். வண்டிப் படியில் உட்கார்ந்து ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றதால் நேராகப் பார்க்கிறாள். கீழே ‘அம்மா என்னைப் பார்க்கிறாள்’ என்று போட்டிருக்கிறாய். வலிக்கிற கண்ணைத்தான் பொத்தியிருக்கிறாள் என்று நானும் நினைத்திருந்தேன், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். ‘நல்லாத்தான் எடுத்திருக்கான்’ என்றாள். பிறகு, ‘கீழ போட்டிருக்கறதுதான் தப்பு. நான் பொத்தியிருக்கறது நல்ல கண்ணு. கெட்ட கண்ணுல அவன் கொஞ்சமாவது தெரியறானான்னு பார்த்தேன். தெரியல. நகராதேம்மான்னான், அப்படியே இருந்துட்டேன்’ என்று சொன்னாள். அவள் அழவில்லை, பேனா கேட்டாள். பெத்த மனம் பித்து என்பார்கள், மீதியை நான் எழுதவில்லை. கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி அச்சடித்த எழுத்தின் மேல் போயிருக்கிறது, உன் பதிப்பாளர் ஒப்புக்கொள்வாரா பார். தாளை இதோடு வைத்திருக்கிறேன். அவள் கேட்பது ஒன்றுதான், படத்துக்குக் கீழே உள்ளதை மாற்றி எழுத வேண்டுமாம். எப்படி எழுதுவது என்பதை நீயே யோசித்துக்கொள்.

நீயும் உன் பிள்ளையும் நீண்ட நாள், இரண்டு கண்ணும் தெளிவாக, நன்றாக இருங்கள். மருமகளுக்கு எங்கள் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே, நீ துணிக்குள் இருக்கும்போது பட்டாணி எங்கேயாவது வலிக்கிறது என்று சொன்னால், ‘ஆச்சு’ சொல்லும்வரை அவளைக் காக்க வைக்காதே.

இப்படிக்கு,
வண்டிச் சாவியை வைத்திருந்த
உன் அப்பா