எல்லாக் காட்சியிலும் அப்பா

இன்று காலை ராஜபாளையம் பஸ் நிலையத்தருகே தேங்காய் பன் வேகும் வாசனை வந்தது. ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டுத் தனியாக நின்று சிரித்தேன். உங்கள் நினைவு வந்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரே பால்கோவா விற்க, அப்பா மட்டும் பிடிவாதமாக பேக்கரி நடத்தினார். ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்த நீங்கள், பன் தின்பதற்கென்றே பஸ் ஏறி வருவீர்கள். பன்னுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. ஒருநாள் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரோடு வந்து, எங்கள் கடையை வைத்தே காதல் படம் எடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். நாயகன் நீங்கள். நாயகிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லையாம்.

"எம் மக நடிக்கட்டும். ஆனா எல்லாச் சீன்லயும் நானும் நிப்பேன்," என்றார் அப்பா.

நின்றார். நாம் பார்த்துக்கொள்ளும்போது நடுவில் ரொட்டித் தட்டோடு நின்றார். மழையில் நனையும் காட்சியில் குடையோடு நின்றார்.

கடைசிக் காட்சியில் நீங்கள் காதலைச் சொல்ல வேண்டும். நீங்களே எழுதிய வசனம், வாயில் வரவில்லை. கேமரா ஓட ஓட வியர்த்துக் கொட்டியது. அப்பாவுக்கே பொறுக்கவில்லை.

"'நீ இல்லாம எனக்குப் பொழுது விடியாது'ன்னு சொல்லுங்க தம்பி! எனக்கே மனப்பாடமாயிருச்சு."

அப்போதும் வரவில்லை. அந்தத் தவிப்பு நடிப்பில்லை என்று எனக்குப் புரிந்தது. மாமன் மகனுக்கு என்னைக் கொடுக்க வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. படம் முடிந்தால் நீங்கள் பாட்டுக்கு பஸ் ஏறிவிடுவீர்கள். நானே வாயைத் திறந்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குச் சம்மதம். அப்பாகிட்ட வந்து பொண்ணு கேளுங்க."

அப்பா தட்டை இறக்கிவைத்தார். "ஏட்டி, இது வசனத்துலயே இல்லையே!"

"இல்லப்பா," என்றேன்.

அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனால் ஒரு மண்டபத்தில் டிவி வைத்து நீங்கள் படத்தைப் போட்டபோது, கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். நம்மை யாரும் கவனிக்கவில்லை. தட்டோடு நின்றவருக்குத்தான் கைதட்டல். மறுநாள் அவரைப் பார்க்கவே கடையில் கூட்டம். அப்பா உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாப்பிள்ளையாயிட்டா, அடுத்த படத்துல எனக்கு என்ன வேசம்?"

அடுத்த படம் எடுக்கவே இல்லை. அந்த வசனத்தையும் நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. மனதில் இருப்பதை அப்போதே சொல்லிவிடும் பழக்கம் மட்டும் அன்று எனக்கு ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு வாய் அதிகம் என்கிறார்கள் பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசிச் சாயங்காலம், "ஒங்களோட இருந்தது எனக்கு நல்லா இருந்துச்சு," என்று உங்கள் காதில் சொன்னேன். என் விரலை இறுகப் பிடித்தீர்கள். சொல்லாமல் விட்டது என்று என்னிடம் எதுவும் இல்லை.