தாழ்ப்பாளில் இருந்த கை

படாளம்
11.06.2023

ஹெலனுக்கு,

உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. உன் ரெஜினா அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எழுதினா படிப்பாளாம். பேசினா சண்டதான் வருதாம்" என்றார். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் எழுதியதெல்லாம் கம்பெனிக்கு லீவு லெட்டர்தான். பிழை இருந்தால் உன் நூலகத்தில் உட்கார்ந்து திருத்திக்கொள்.

அன்றைக்கு அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி நான் கத்தியது தப்பு. அதற்காகப் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவதா?

என் நிலைமையையும் யோசித்துப் பார். பத்திரிகையில் உன் கதை வந்ததை என் பெண்டாட்டி எனக்குச் சொல்லவில்லை. சபை செயலாளர் ஏசுபாதம் சொல்கிறார். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் வந்து, "இன்னா தம்பி, உங்க வூட்டு சமாச்சாரம் புக்குல வந்துகீதே" என்கிறார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

அண்ணன் பஸ்ஸுக்கு நிற்கும்போது நெஞ்சுவலி வந்து போய்விட்டான் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். அவன் குடித்துவிட்டு மழையில் வீட்டுக்கு வந்தான், அம்மாவைக் கூப்பிட்டான், அம்மா திறக்கவில்லை, திரும்பிப் போய் கூட்ரோடு பஸ் நிழற்குடையில் விடியும்போது செத்துக் கிடந்தான் என்பது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். இப்போது அந்தப் பத்திரிகை வாங்குகிற எல்லாருக்கும் தெரியும்.

இனி அவனுக்குக் கதவு திறக்கக் கூடாது என்று சொன்னவன் நான்தான். அவன் அம்மாவைக் கைநீட்டி அடித்த பிறகு வேறு என்ன சொல்வேன்? அன்றைக்கு நான் செகண்ட் ஷிப்டில் இருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதிப் போடு. "இது முழுக்கக் கற்பனை, எந்தக் குடும்பத்தையும் குறிப்பதல்ல" என்று. அது போதும். அதைக் காட்டி ஊர் வாயை அடைத்துவிடுவேன். அம்மா காதுக்கு விஷயம் இன்னும் போகவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாய்ப் போயிற்று.

தைராய்டு மாத்திரையை அலமாரியிலேயே விட்டுவிட்டாய். கொரியரில் அனுப்பியிருக்கிறேன். வெறும் வயிற்றில் போடு.

ஜெபசிங்


மாமல்லபுரம்
20.06.2023

அன்புள்ளவருக்கு,

மாத்திரை வந்தது. கடிதமும் வந்தது. திருத்த ஒன்றும் இல்லை. நீங்கள் பேசுவதைவிட நன்றாக எழுதுகிறீர்கள்.

நான் வேலை பார்க்கும் இந்தக் கடற்கரை ஊர் நூலகத்திலிருந்துதான் எழுதுகிறேன். காலையில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் போய்விட்டால் சாயங்காலம்வரை கடற்காற்றுதான் வாசகர். கல்லூரியில் படித்த பழைய அகப்பாட்டுகளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாட்டுகளில் யாருக்கும் பெயர் கிடையாது. தாய் என்பார்கள், தோழி என்பார்கள், அவ்வளவுதான். யாருடைய துக்கம் என்று ஊர் விரல் நீட்டக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். நானும் அதை நம்பித்தான் பெயர் போடாமல் எழுதினேன். ஊர் கண்டுபிடித்துவிட்டது. உங்களிடம் முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டும். காட்டினால் கிழித்துவிடுவீர்கள் என்று பயந்தேன்.

ஏன் எழுதினாய் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

உங்கள் அண்ணனை, ஜெபக்குமார் மாமாவை, அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே அவர் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அத்தை சொல்லவில்லை, நீங்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் விளக்குப் போடும் நேரம் வந்தால் எனக்கு அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். அத்தை தாழ்ப்பாள்மேல் கையை வைத்தார்கள். எடுத்தார்கள். மறுபடி வைத்தார்கள். மாமா கூப்பிடுவது நிற்கிறவரை அந்தக் கை அங்கேயே இருந்தது. நான் போய்த் திறந்திருக்கலாம். நானும் திறக்கவில்லை. கதையில் அடுக்களையில் நிற்கிற மருமகள் வேறு யார்?

அதை எழுதி முடித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. கற்பனை என்று எழுதிக் கொடுத்தால் அவரை இன்னொரு முறை வெளியே அனுப்பிய மாதிரி ஆகும். என்னால் முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அத்தைக்கு மூட்டுத் தைலம் தீர்ந்திருக்கும். வாங்கிக் கொடுங்கள்.

உங்கள்
ஹெலன்


படாளம்
16.07.2023

ஹெலனுக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுதாமல் முடியாது.

அம்மாவுக்கு ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் கட்டி. இந்த உடம்பு ஆபரேஷன் தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நல்ல டாக்டர்தான், பொறுமையாகச் சொன்னார். அம்மாவிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டாள்.

"டேய், அந்த புக்கு எங்க கீது?"

"எந்த புக்கு?"

"உம் பொண்டாட்டி எழுதினது. மாதர் சங்கத்துல எல்லாரும் என்னியப் பாத்துப் பாத்து குசுகுசுன்னு பேசுறாளுங்க. நானும் எத்தினி நாளுதான் செவிடு மாதிரி கீறது? எடுத்தாந்து படி."

அதை எங்கேயோ போட்டுவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். பீரோமேல் இருக்கிறது என்று அவளே சொன்னாள். எடுத்துவந்து படித்தேன். ஹெலன், நானே அதை முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான். முன்னால் கோபத்தில் நாலு வரியோடு மூடிவிட்டேன்.

அம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் வெளியே நின்று "எம்மா, குளுருதும்மா" என்கிற இடத்தில் படிப்பதை நிறுத்தினேன். "நிறுத்தாத" என்றாள். கடைசிவரை படித்தேன். பிறகு கேட்டாள்.

"தாழ்ப்பாள்ல நான் கை வச்சத அவ பாத்தாளா?"

"பாத்துகீறாம்மா. அதான் எழுதிகீறா."

"நான் வச்சேன்டா. வச்சிகினே நின்னேன். பெத்தவ கல்லு மாதிரி நின்னான்னு நாளைக்கு ஊரு பேசும். கை வச்சது யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தேன். அவளுக்குத் தெரிஞ்சிகீது."

அண்ணன் செத்ததற்கு அழாத அம்மா அப்போதுதான் அழுதாள். அழுது முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உன்ன எழுதலியா?"

"இல்லம்மா."

"நல்ல பொண்ணு" என்றாள்.

நேற்று இன்னொன்று சொன்னாள். அதை உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதம். "அவளாண்ட சொல்லு. நான் கதவ தெறக்கிற மாதிரி ஒண்ணு எழுதட்டும். புக்குல எல்லாம் வோணாம். எனக்கு மட்டும்."

முடிந்தால் எழுதி அனுப்பு.

ஜெபசிங்


மாமல்லபுரம்
29.07.2023

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நூலகத்தை அரை நாள் பூட்டிவிட்டேன். வேலைக்கு வந்து இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

அத்தை கேட்டதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தாள்கள் மாறிவிடாமல் பின் போட்டிருக்கிறேன். எழுதுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நடந்ததை ஒரே மூச்சில் எழுதினேன், இதை எழுதி எழுதிக் கிழித்தேன். கதவைத் திறந்துவிட்டார்கள். மாமா சொட்டச் சொட்ட உள்ளே வந்துவிட்டார். அத்தை துண்டு கொடுக்கிறார்கள். கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போடுகிறார்கள். ஆனால் உள்ளே வந்த மனிதர் என்ன பேசுவார்? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்தபோதே அவர் குடிக்கத் தொடங்கியிருந்தார். நல்லபடியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கூடப் பிறந்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியும். அதனால் அவர் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கொசு விரட்டுகிறார்கள்.

மெதுவாகப் படியுங்கள். மெஷின் சத்தத்தில் வேலை செய்து உங்களுக்குக் கத்திப் பேசியே பழக்கம்.

அத்தையைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. நான் வரட்டுமா? நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கிளம்பிவிடுவேன்.

உங்கள்
ஹெலன்


படாளம்
20.08.2023

ஹெலனுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அம்மாவைத் தனியாக விட முடியாமல் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். பகலில் நான், இரவில் பக்கத்து வீட்டு ஜெனிஃபர் அம்மா.

நீ அனுப்பியதைப் படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன். சோறு போடுகிற இடத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடித்ததும், "நல்லாத்தான் எழுதிகீறா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இதுல வர்றது நான் இல்லடா. யாரோ நல்லவ. நீ பழசயே படி" என்றாள்.

அன்றுமுதல் தினமும் சாயங்காலம் பழைய கதைதான். கம்பெனி பஸ் வருவதற்குள் படித்து முடித்துவிட வேண்டும். சில இடங்களை அம்மாவே எனக்கு முன்னால் சொல்கிறாள். வேறு எதையும் காதில் வாங்குவதில்லை, ஜெபம் பண்ண வருகிறவர்களைக்கூட.

போன வாரம் ஏசுபாதம் பார்க்க வந்தார். அம்மா அவரிடம், "எம் பெரிய புள்ள வந்து கூப்ட்டான் அய்யரே, நான் தெறக்கல" என்று சொல்லிவிட்டாள். பாதிரியாரைத்தான் அய்யர் என்பாள், இப்போது ஆள் அடையாளம் குழம்புகிறது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வருகிற எல்லாரிடமும் சொல்கிறாள்.

அண்ணன் படத்தை மறுபடி மாட்டியிருக்கிறேன்.

உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. எனக்கும் அன்றைக்கு லீவு.

ஜெபசிங்


மாமல்லபுரம்
05.09.2023

அன்புள்ளவருக்கு,

ஞாயிற்றுக்கிழமைக்கென்று அத்தைக்குப் பிடித்த ரவா லட்டு பிடித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை விடியும்போதே அத்தை போய்விட்டார்கள் என்று உங்கள் போன் வந்துவிட்டது. உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறியிருக்கலாம். ஞாயிறு என்று எழுதியிருக்கிறீர்களே என்று காத்திருந்தேன். யாரைச் சொல்லி என்ன? ஆறவில்லை, அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் அந்தப் பக்கம் நின்றீர்கள், நான் பெண்களோடு இந்தப் பக்கம் நின்றேன். மண் போடும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தீர்கள். பஸ் ஏறும்வரை வந்து ஏதாவது சொல்வீர்கள் என்று நினைத்துக்கொண்டே நின்றிருந்தேன். துக்கத்தில் இருக்கிறவரிடம் அதை எதிர்பார்த்தது என் பிசகு.

நான் வீட்டுக்கு வந்துவிடட்டுமா? மதுராந்தகம் பக்கம் மாற்றல் கேட்டால் கிடைக்கும் என்கிறார்கள். இனி எதை எழுதினாலும் முதலில் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். எழுதாமல் இருக்கிறேன் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. பொய் ஆகிவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நைட் ஷிப்டை மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள்
ஹெலன்


மறைமலைநகர்
15.10.2023

அன்புள்ள ஹெலன்,

வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒரு மாதமாக எடுத்து எடுத்து வைக்கிறேன்.

அம்மா கடைசிவரை வந்தவர்களிடமெல்லாம் "நான் தெறக்கல, நான் தெறக்கல" என்றே சொன்னாள். "சின்னவன் தெறக்கக் கூடாதுன்னு சொன்னான்" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லவில்லை. நான் பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். நானும் வாய் திறக்கவில்லை. நீ உன் கதையில் அம்மாவை எழுதினாய், அண்ணனை எழுதினாய், உன்னையும் எழுதிக்கொண்டாய். என்னை மட்டும் விட்டுவிட்டாய். பாவம் பார்த்து விட்டாய் என்று எனக்குத் தெரியும். தினமும் அதைச் சத்தம் போட்டுப் படிக்கும்போது என் இடம் எங்கே வரும் என்று தேடிக்கொண்டே படிப்பேன். வராது. என்னை எழுதியிருந்தால் உன்னோடு பெரிய சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டு ஓய்ந்திருப்பேன்.

இப்போது நீ வந்து தட்டில் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தால், நீ சொல்லாமல் விட்டது அங்கே உட்கார்ந்திருக்கும். உன்மேல் கோபம் இல்லை. உன் நல்ல மனசும் அம்மாவின் நல்ல மனசும் எனக்குத் தாங்கவில்லை.

கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு ரூமுக்கு வந்துவிட்டேன். கூட இருக்கிற இரண்டு பேரும் மதுரைப் பக்கம், என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டுச் சாவி ஜெனிஃபர் அம்மாவிடம் இருக்கிறது. உன் புத்தகங்களில் கீழ்த்தட்டில் கரையான் ஏறியிருந்தது. வெயிலில் காயவைத்துத் தட்டி, மேல்தட்டில் அடுக்கியிருக்கிறேன். வந்து எடுத்துக்கொள். மாற்றல் கேட்க வேண்டாம். உனக்குக் கடல் பக்கம் ஒத்துப்போகிறது என்று ரெஜினா அக்கா சொன்னார்.

அண்ணன் உள்ளே வந்திருந்தால் என்ன பேசியிருப்பான் என்று கேட்டிருந்தாய். "சின்னவன் சாப்ட்டானா?" என்று கேட்டிருப்பான். ஷிப்ட் முடிந்து நான் எத்தனை மணிக்கு வந்தாலும் அதைத்தான் கேட்பான், எவ்வளவு குடித்திருந்தாலும்.

எழுதினால் தூக்கம் வரும் என்றாயே, நானும் உட்கார்ந்து பார்த்தேன். "எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர்" என்று ஒரு வரி எழுதினேன். அடுத்த வரி "கதவைத் திறக்கக் கூடாது என்று" என்பதோடு நிற்கிறது. அதற்குமேல் கை போகமாட்டேன் என்கிறது. முடித்துவிட்டால் உனக்கு அனுப்புகிறேன். நீ அதற்காகக் காத்திருக்காதே.

ஜெபசிங்