சின்னத் தோட்டா

அன்புள்ள அப்பா,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே மலைமுகாமில் சமையல் வேலை பழகிவிட்டது.

இந்த வருஷம் எல்க் மான் வேட்டைக்கு அனுமதி கிடைத்ததல்லவா. ஒன்று விழுந்தால் குளிர்காலம் முழுக்க இறைச்சி வாங்க வேண்டாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய முந்நூறு மேக்னம் துப்பாக்கியில் பெரிய தோட்டா போட்டுச் சுட்டுப் பழகினேன். அது பின்னால் உதைத்ததில் துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தில் இடித்துவிட்டது. பயப்படாதீர்கள், மூன்று தையல்தான்.

அதன்பிறகு குறி தப்பிக்கொண்டே இருந்தது. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் டெல்ஃபா, எனக்குச் சொல்லாமல் தோட்டா போடாத துப்பாக்கியைக் கையில் தந்தாள். விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை, ஆனாலும் உதைக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக் குழலைக் கீழே இழுத்துவிட்டேன்.

“ஏன்டி வெர்லா, சுடுறியா, ஜெபம் பண்றியா?” என்று சிரித்தாள். பிறகு தன் இருநூற்றெழுபது ரகத் துப்பாக்கியை நீட்டினாள். “தோட்டா சின்னதுதான். கண்ணைத் திறந்துக்கிட்டுச் சுட்டா எல்கும் விழும்.”

அதில் குறி தப்பவில்லை. எல்குக்கு மேக்னம்தான் என்பீர்கள். காயத்தோடு ஓடவிட்டால் இறைச்சியும் போகும், பாவமும் சேரும். சின்னதையே எடுத்துப்போகிறேன், கோபிக்காதீர்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் நாலு வரி எழுதுங்கள்.

பீன்ஸ் அடிபிடிக்கிறது. ஒன்று கேட்டுவிட்டு முடிக்கிறேன். தையல் பிரித்ததும் கண்ணாடியில் பார்த்தேன். பிறை மாதிரித் தழும்பு, அப்படியே உங்கள் புருவத்தில் இருப்பதுபோல. குதிரை உதைத்ததென்று எங்களிடம் சொன்னீர்களே, எந்தக் குதிரை அப்பா?

உங்கள் மகள்
வெர்லா