வெளுத்துப்போன சிவப்புக் கோட்டுகள்

அன்பு மகன் கேரத்துக்கு,

பீஸ்டனிலிருந்து அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் தணியவில்லை. நீயும் மருமகளும் நியூசிலாந்தில் சுகமாக இருப்பீர்கள்.

அப்பாவுக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே போகிறது, இனி தூரிகையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அப்படியென்றால் ஷெட்டில் இருக்கிற வாட்டர்லூ சண்டை பொம்மைப் பட்டாளம்தான் அவர் கையால் வண்ணம் தீட்டிய கடைசிக் குட்டி வீரர்கள். செவ்வாய்க்கிழமை கண்ணில் ஊசி போட அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, வருவதற்குள் வார்னிஷ் அடித்து வைத்தால் சந்தோஷப்படுவாரே என்று உனக்குப் போன் செய்தேன். நீ "ஸ்ப்ரே டப்பாவ நல்லாக் குலுக்கி அடிச்சு விடும்மா, அவ்வளவுதான்" என்றாய். அங்கே மழை பெய்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நெடி தாங்காமல் ஷெட் கதவைத் திறந்து வைத்தே அடித்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஐயோ கேரத், சிவப்புக் கோட்டெல்லாம் உறைபனி படிந்தது போல வெளுத்து, ஒருவனுக்கும் முகமே இல்லை. அப்பாவின் கிளப் சிநேகிதன் நெவிலைப் போனில் கூப்பிட்டேன். அவன் ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஈரக்காத்துல மினுக்கில்லாத மேட் வார்னிஷ் அடிப்பாங்களாக்கா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்தால் நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றான். எல்லாரையும் அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்து, முரசடிப்பவன் ஒருவன்மீது மட்டும் அடித்தான். நான் பார்க்கமாட்டேன் என்று திரும்பி நின்றேன். "அக்கா, சிவப்பு வருது" என்றான்.

எல்லாருக்கும் நிறம் வந்தது, ஆனால் மிட்டாய் மாதிரி மினுக்கிக்கொண்டு. பளபளப்பு என்றாலே அப்பாவுக்கு எவ்வளவு வெறுப்பு என்று உனக்குத் தெரியும். அவரைக் கூட்டிவரும் வழியெல்லாம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். வந்ததும் ஒருவனை எடுத்து விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், உன்னையும் சேர்த்துத் திட்டினேன். காய்ந்த பிறகு மேட் அடித்து மினுக்கை எடுத்துவிடுகிறேன் என்று நெவில் டப்பாவை எடுத்தான். "கைய வச்சே, ஒடிச்சுருவேன்டா" என்றார் அப்பா. "இத்தனை நாளா எல்லாம் ஒரே கருப்பாத்தான் தெரிஞ்சுது. இந்த மினுக்கை வச்சுத்தான் எவன் எங்க நிக்கிறான்னு தெரியுது." நான் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பார்வை இவ்வளவு மோசம் என்று அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்காதே, இப்போதே புறப்படு. இரண்டு பேரும் நன்றாயிருங்கள், கடவுள் துணையிருப்பார். ஒன்று மட்டும் மறக்காதே, வந்ததும் அப்பாவுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில். ஓரக்கண்ணுக்கு முகம் இன்னும் தெரிகிறதாம்.

உன் அம்மா,
பெரில்